தலைவியின் கையெழுத்து

ஏனுங்க்கா, இது தாராபுரம் போற பஸ்ஸுதானுங்களே? போர்டுல போட்டிருக்குதுங்களா? போட்டிருக்கும், போட்டிருக்கும். வெய்யலு நேரா மூஞ்சியில அடிச்சுது, கண்ணு கூசிப்போச்சு. அதான் ஏறினப்பறம் கேக்கறேன். சித்தத் தள்ளிக்கறீங்களா, இந்தப் பையை மடியில வெச்சுக்கறேன். கீழ வெச்சா அழுக்காயிரும். உள்ள பொன்னாடை இருக்குதுங்க.

ஒரு டீச்சருக்குப் போத்தறதுக்குங்க. தாராபுரத்துல ஒரு ஜவுளிக்கடையில இருக்கறாங்களாம், மாடியில, சேலை விரிச்சுக் காட்டற வேலை. டீச்சருக்கு ஜவுளிக்கடையில என்ன சோலின்னு பாக்கறீங்களா. அதைத்தான் முந்தாநாளுல இருந்து நானும் என்னையவே கேட்டுட்டிருக்கறேன். நீங்க அந்தப் புஸ்தகத்தை மூட வேண்டாம், படிங்க. நான் கம்பியப் புடிச்சுட்டு நின்னப்பவே பாத்தேன், ரெண்டு பக்கம் திருப்பிட்டீங்க. வாயி கூட அசையலை. அப்படிப் படிக்கறவிங்களப் பாத்தா எனக்கு ஆசையா இருக்கும்.

என்ற பேரு கலாமணிங்க. வெள்ளகோயிலுக்குப் பக்கத்துல கல்லாங்காட்டுப்புதூரு. எங்கூர்ப் பள்ளிக்கூடத்துல பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்குதுங்க, பெத்தவிங்களும் வாத்தியாருங்களும் சேந்தது. அதுக்கு நாந்தான் தலைவி. அங்க படிக்கற புள்ளையப் பெத்தவிங்கதான் அதுக்கு நிக்கோணும். மூணு வருசத்துக்கு முன்னால பெரிய வாத்தியாரு ஊட்டுக்கே வந்து, "அம்மிணி, ஊருக்குள்ள எதுன்னாலும் நீங்கதான் தைரியமாப் பேசறீங்க, நீங்களே நில்லுங்க"ன்னாரு. நின்னேன். எல்லாரும் கையத் தூக்கினாங்க. எங்கூட்டுக்காரரு தறிக்குப் போறவருங்க. அவரு மட்டும், "ஊரைப் பாக்கறது இருக்கட்டும், மொதல்ல ஊட்டைப் பாரு"ன்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு, மூணு வருசமா சோத்துல கைய வெச்சதும் அதேதான். ஊட்டைப் பாரு, ஊட்டைப் பாரு. நான் காதுலயே போட்டுக்கலைங்க.

சும்மா சொல்லக் கூடாது, நான் பண்ணியிருக்கறேன். பொம்பளப் புள்ளைங்களுக்குக் கக்கூசு இல்லாம இருந்துச்சு. மனுவ எடுத்துட்டு ஏழு தடவ நடந்தேன், கட்டிக் குடுத்தாங்க. மில்லுக்குப் போயிட்டிருந்த மூணு புள்ளைங்களக் கையப் புடிச்சுக் கூட்டியாந்து மறுபடியும் கிளாஸுல உக்கார வெச்சேன். ஒரு தகப்பன் அருவாளைத் தூக்கிட்டு வந்தான், "வெட்டு, வெட்டிட்டுப் புள்ளைய அனுப்பு"ன்னு நின்னேன். அப்பறம் சாயந்தரம் ஆறு மணியானா ஊடு ஊடாப் போவேன். டிவியை அமத்துங்க, புள்ள படிக்கையில பெத்தவிங்க பக்கத்துல உக்காருங்க, உங்களுக்குப் புரியலைன்னாலும் சும்மாவாச்சும் உக்காருங்கன்னு சொல்லுவேன். எட்டு மணி வரைக்கும் ஒரு ஊடு விட மாட்டேன். ரெண்டே வருசத்துல வாசிப்புல எங்க பள்ளிக்கூடந்தான் ஒன்றியத்துலயே மொத எடம். கேடயம் குடுத்தாங்க. பெரிய வாத்தியாரு மேசை மேலயே இருக்குது.

ஆறுல இருந்து எட்டு வரைக்கும் என்ற புள்ள பக்கத்துல யாரு உக்காந்தாங்கன்னு நீங்க கேக்கலை. கேட்டிருந்தாலும் அன்னைக்கெல்லாம் டக்குனு பதில் சொல்லியிருப்பேன். அவளுக்கு யாரும் உக்கார வேண்டியதில்லை, அவ சூட்டிகைன்னு.

பவதாரணின்னு பேருங்க. அஞ்சாவது படிக்கறா. ஒரே புள்ள. நான் எட்டு மணிக்கு ஊட்டுக்குள்ள நொழைவேன், அடுப்பப் பத்த வெச்சுட்டு, "கண்ணு, இன்னைக்கு என்ன பாடம், வாசி பாக்கலாம்"பேன். புஸ்தகத்த விரிச்சு வெச்சுக்குவா. வெரல வரி மேல வெச்சு நகத்திட்டே கடகடகடன்னு வாசிப்பா. ஒரு எடத்துல நிக்காது, திக்காது. நான் வெங்காயம் அரிஞ்சுட்டே கேட்டுட்டிருப்பேன். அந்தச் சத்தத்தக் கேட்டா எனக்கு நாளெல்லாம் அலைஞ்ச அலுப்பே தெரியாதுங்க.

வெரல நகத்தறதுன்னதும் நெனப்பு வருது. மீட்டிங்குல தீர்மான நோட்டு வரும். பெரிய வாத்தியாரு எழுதி எங்கிட்ட நீட்டுவாரு. நான் அப்படியே வாங்கிக் கையெழுத்துப் போட்டுர மாட்டேன். நாலு பேரு பாக்கையில அப்படிப் போட்டா மதிப்பு இருக்காதுங்க. மொத வரியில வெரல வெப்பேன். பையப் பைய நகத்திட்டு வருவேன். நடுவுல ஒரு எடத்துல நிறுத்தி, "ம்"பேன். அப்பறம் கீழ வந்து, கலாமணின்னு போடுவேன். என்ற கையெழுத்து நல்லா இருக்கும், குண்டு குண்டா. பவதாரணி பள்ளிக்கூடம் விட்டதும் வந்து கதவோரமா நின்னு பாத்துட்டிருப்பா. எங்கம்மா தலைவின்னு அவளுக்குப் பெருமை இருக்கும்னு நெனச்சுக்குவேன்.

பூங்கோதை டீச்சரு போன ஆனியிலதான் வந்தாங்க. தற்காலிகம். அப்படி வாற டீச்சருங்களக் குழுதான் போடும், குழுதான் வேலையை விட்டு எடுக்கும். அவிங்களப் போட்ட தீர்மானத்துலயும் நாந்தான் கையெழுத்துப் போட்டேன். சின்னப் பொண்ணு, இருவத்தஞ்சு இருக்கும், ஒல்லியா, மூலனூர்ல இருந்து ஸ்கூட்டர்ல வருவாங்க. அதிகம் பேச மாட்டாங்க. மத்த டீச்சருங்க நான் உள்ள போனா எந்திரிச்சு, "வாங்க தலைவிம்மா, டீ குடிக்கறீங்களா"ம்பாங்க. இவிங்க புள்ளைங்களோட கீழ உக்காந்திருப்பாங்க, தலைய நிமித்திச் சிரிச்சுட்டு மறுபடியும் நோட்டப் பாப்பாங்க. எனக்கு அது ஒரு மாதிரி இருந்துச்சுங்க. மறைக்கறதுக்கு என்ன. சுருக்குன்னு இருந்துச்சு.

ஆவணி மாசம் ஒரு நாளு பவதாரணி நோட்டக் கையில வெச்சுட்டு அடுப்புக்கிட்ட வந்து நின்னா. "டீச்சர் உங்கிட்டக் காட்டச் சொன்னாங்க"ன்னா. விரிச்சேன். பக்கம் முழுக்கச் செவப்புப் பேனா. எனக்கு ரத்தம் தலைக்கேறிருச்சு. என்ற புள்ள நோட்டுல எப்பவும் ஒரு டிக்கு இருக்கும், ஒரு ஸ்டார் இருக்கும், இத்தன செவப்ப நான் பாத்ததே இல்லை. "என்ன எழுதியிருக்குது, வாசி"ன்னேன். கண்ணாடி எடுத்து வெச்ச எடந் தெரியலை, அதான் வாசிக்கச் சொன்னேன். அவ வெரல வெச்சா. அப்பறம் நகத்திட்டே சொன்னா: "உங்கம்மாவ ஊரைப் பாக்கறது இருக்கட்டும், மொதல்ல ஊட்டைப் பாக்கச் சொல்லு."

நீங்க சிரிக்கறீங்க. உங்களுக்குப் பட்டுன்னு புரிஞ்சுருச்சு. எனக்கு ஏழு மாசமாச்சுங்க, அது யாரு சொன்ன வார்த்தைன்னு புரியறதுக்கு.

அன்னைக்கு எனக்கு என்ன தோணுச்சுன்னா, ஒரு தற்காலிக டீச்சரு, நான் போட்ட டீச்சரு, என்னைய ஊட்டைப் பாக்கச் சொல்றதான்னு தோணுச்சு. அந்தப் பக்கத்த நோட்டுல இருந்து பிச்சு எடுத்துட்டேன். நாளைக்கு யாராச்சும் கேட்டா காட்டறதுக்கு ஆதாரம் வேணுமில்லீங்களா. ரேசன் கார்டு வெக்கற கவர்ல மடிச்சு வெச்சேன். அடுத்த வெள்ளிக்கிழமை மீட்டிங். இருவது பேரு உக்காந்திருந்தோம். எல்லாத்துக்கும் முன்னால எந்திரிச்சுக் கேட்டேன், "டீச்சர், என்ற புள்ள நோட்டுல என்னையப் பத்தி என்ன எழுதினீங்க"ன்னு.

அவிங்களுக்கு மொதல்ல ஒண்ணும் புரியலைங்க. "உங்களப் பத்தி எதுவும் எழுதலைங்களே"ன்னாங்க. நான் சொன்னேன், ஊட்டைப் பாரு, ஊரைப் பாக்கறது இருக்கட்டும்னு எழுதலையான்னு. டீச்சரு மூஞ்சி அப்படியே மாறிப்போச்சு. கோவமில்லைங்க. என்னையப் பாத்தாங்க, கதவுக்கு வெளிய நின்ன பவதாரணியப் பாத்தாங்க, மறுபடியும் என்னையப் பாத்தாங்க. "நான் எழுதினது அது இல்லீங்க. என்ன எழுதினேன்னு உங்ககிட்டத் தனியாச் சொல்றேன்"னாங்க. "தனியா என்ன வேண்டிக் கெடக்குது, எழுதறப்பத் தெரியலையா, இத்தன பேத்துக்கு முன்னால சொல்லுங்க"ன்னேன். பேசலை. பெரிய வாத்தியாரு, "அந்தப் பக்கம் இருக்குதுங்களா அம்மிணி, பாக்கலாம்"னாரு. "கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்"னு சொல்லிப்போட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியலைங்க. கவரு ஊட்டுலதான் இருந்துச்சு. எடுத்தாரச் சொல்லிருவாரோன்னு ஒரு பயம்.

"பாருங்க, வாயத் தொறக்கலை பாருங்க. எழுதலைன்னா என்ன எழுதினேன்னு சொல்லோணுமில்ல"ன்னு நான் சத்தம் போட்டேன். டீச்சரு வாயத் தொறந்தாங்க. மறுபடியும் வெளிய நின்ன புள்ளையப் பாத்துட்டு மூடிட்டாங்க. நான் என்ன நெனச்சேன், பொய் சொன்னவ மாட்டிக்கிட்டான்னு நெனச்சேன்.

பெரிய வாத்தியாரு தனியாக் கூப்பிட்டுச் சொன்னாருங்க, "சித்த யோசிங்க, நல்லாச் சொல்லிக் குடுக்கற பொண்ணு"ன்னு. யோசிக்க என்ன இருக்குதுன்னேன். தீர்மானம் எழுதினாரு. அந்த டீச்சரோட பணி தொடர வேண்டியதில்லைன்னு. நோட்ட எங்கிட்ட நீட்டினாரு. வெரல வெச்சு நகத்தினேன். நடுவுல நிறுத்தி, "ம்"னேன். கலாமணின்னு போட்டேன்.

மூலனூர் வந்துருச்சுங்களா? அந்தா, அந்தச் சந்துக்குள்ளதானுங்க அவிங்க ஊடு. முந்தாநாளு போயிருந்தேன். டீச்சரோட அம்மா வாசல்லயே நின்னு கடை பேரைச் சொன்னாங்க. உள்ள வாங்கன்னு சொல்லலை. நான் யாருன்னு சொன்னப்பறம் எப்படிச் சொல்லுவாங்க.

அதுக்கப்பறம் பவதாரணி நோட்டுல செவப்பே வரலைங்க. எல்லா டீச்சரும் ஸ்டார் போட்டாங்க. மிக நன்று, மிக நன்றுன்னு போட்டிருக்குதுன்னு அவளே வாசிச்சுக் காட்டுவா. அது சரியாத்தான் இருந்துச்சு, அந்த வார்த்தையோட சாடை அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு போல. எனக்குக் குளுகுளுன்னு இருக்கும். இப்ப நெனச்சா, நீங்களே சொல்லுங்க, ஒருத்தி உண்மைய எழுதினதுக்கு வேலையே போச்சுன்னா அடுத்தவ எதுக்கு எழுதுவா? ஊருப் புள்ளைங்க எல்லாத்துக்கும் வாத்தியாருங்க இருந்தாங்க. என்ற புள்ளைக்கு மட்டும் ஒருத்தரும் இல்லாமப் பண்ணிப்போட்டேன். நான் பண்ணினேங்க. வேற யாருமில்லை.

மாசி மாசம் ஆண்டு விழா. பந்தல், மைக்கு, ஊரே வந்திருந்துச்சு. ஒன்றியத்துல இருந்து கல்வி அதிகாரி வந்திருந்தாரு. கேடயம் வாங்கின பள்ளிக்கூடமாச்சே. குழு என்னென்ன பண்ணுச்சுன்னு ஒரு அறிக்கை, வருசா வருசம் பெரிய வாத்தியாருதான் வாசிப்பாரு. அந்த அதிகாரி நல்ல மனசுலதான் சொன்னாரு: "இத்தன பண்ணின தலைவி மேடையில இருக்கையில நீங்க எதுக்கு சார், அவங்களே வாசிக்கட்டும்." ஊரே கையத் தட்டுச்சு. பெரிய வாத்தியாரு தாள எங்கிட்டக் குடுத்தாரு.

மைக்கப் புடிச்சேன். "கண்ணாடி எடுத்தாரலீங்க"ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். பெரிய வாத்தியாருகிட்டத் திருப்பிக் குடுத்திருக்கலாம். ஆனாப் பாருங்க, இத்தன சனத்துக்கு முன்னால ஒரு பெருமையும் தேடிக்கலாம்னு தோணுச்சு. "என்ற புள்ளையே வாசிப்பா. பவதாரணி, வா சாமி"ன்னேன்.

முன்வரிசையில உக்காந்திருந்த அஞ்சாங் கிளாஸ் டீச்சரு படக்குனு எந்திரிச்சு வந்தாங்க. "தலைவிம்மா, புள்ளைக்குத் தொண்டை சரியில்லை, நான் வாசிக்கறேங்க"ன்னாங்க. "அதெல்லாம் வாசிப்பா, நீங்க உக்காருங்க"ன்னு கையக் காட்டினேன்.

அவ மேடையேறி வந்தாளுங்க. புதுப் பாவாடை. தாள வாங்கினா. என்னைய நிமிந்து பாத்தா. நான் தலைய ஆட்டினேன், படின்னு. மொத வரியில வெரல வெச்சா. மைக்குல, சத்தமா, திக்காம ஆரம்பிச்சா. "ஒரு குளத்தில் ஒரு நண்டு இருந்தது. அந்த நண்டுக்கு எட்டுக் கால்கள்."

வெரலு பாட்டுக்கு அறிக்கை மேல நகந்துட்டிருக்குது. நண்டு கரைக்கு வருது, கொக்கப் பாக்குது, வளைக்குள்ள போகுது. அது மூணாங் கிளாஸுப் பாடம், எங்கூட்டுல நூறு தடவ கேட்டது. சனம் மொதல்ல கப்சிப்புன்னு இருந்துச்சு. அப்பறம் பின்னால ஒருத்தன் சிரிச்சான். அப்பறம் எல்லாரும். அதிகாரி குனிஞ்சுக்கிட்டாரு. புள்ள நிறுத்தலைங்க. கண்ணுல தண்ணி ஓடிட்டே இருக்குது, வெரலு நகருது, நண்டு கதைய முடிச்சுட்டுத்தான் நிறுத்துனா.

அவளக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். கக்கூசுக்குப் பின்னாலதானுங்க, நான் ஏழு தடவ நடந்து கட்ட வெச்சேன்னு சொன்னனே, அதே கக்கூசு. ஒரு அறை விட்டேன். "படிக்கத் தெரியாதா உனக்கு? அஞ்சு வருசமா என்னைய ஏமாத்திட்டு இருந்தியா?"ன்னு கேட்டேன். அழுவான்னு நெனச்சேன். கன்னத்தத் தடவிட்டு, மெதுவாத்தான் சொன்னா: "உனக்குந்தான் தெரியாது."



"கண்ணாடி இல்லை, கண்ணாடி இல்லைங்கற. உங்கிட்டக் கண்ணாடியே கெடையாது. நோட்டுல வெரல நகத்துவ, நடுவுல ம்முன்னு சொல்லுவ. நானும் அப்படித்தான் பண்ணேன். உன்னைய யாரும் அடிக்கலையே"ன்னா.

பாத்துட்டு இருந்திருக்காளுங்க. கதவோரமா நின்னு, பெருமையாப் பாக்கறான்னு நான் நெனச்சனே, அவ கத்துக்கிட்டு இருந்திருக்கா.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. நீங்க தாராபுரத்துல எறங்கிப் போயிருவீங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இந்தப் பஸ்ஸு போர்டப் பாக்கையில கண்ணு ஒண்ணும் கூசலை. எங்கப்பனும் அம்மாளும் கரும்பு வெட்டற கூட்டத்தோட போனவிங்க, வருசத்துல எட்டு மாசம் ஊரு ஊராக் கெடந்தோம். ரெண்டாவது வரைக்கும் எங்கயோ பாதி, எங்கயோ பாதி. என்ற பேரை எழுத மட்டும் கல்யாணத்துக்கப்பறம் எங்கூட்டுக்காரரு சொல்லிக் குடுத்தாரு. அவருக்குத் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாதுன்னு இருந்தேன். பெரிய வாத்தியாரு வந்து தலைவியா நில்லுங்கன்னப்பவே, எனக்கு எழுத்து வராதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு ஒண்ணும் கொறைவா நெனச்சிருக்க மாட்டாரு. படிக்கத் தெரியாதவங்க அதுல இருக்கக் கூடாதுன்னு ஒண்ணுமில்லை. நாந்தான் மறைச்சேன். நான் மறைக்கறதப் பாத்து அவளும் மறைச்சுட்டா.

அன்னைக்கு அடுப்புக்கிட்ட அவ வாசிச்சாளே, ஊரைப் பாக்கறது இருக்கட்டும்னு. அவளுக்கு அந்தச் செவப்புல ஒரு எழுத்தும் தெரியலை. டீச்சரு திட்டி எழுதிட்டாங்கன்னு பயம். ஊட்டுல தெனமும் காதுல உளுகற திட்டு எதுவோ அதைச் சொல்லிட்டா. அதுக்குத்தான் ஒரு பொண்ணோட வேலை போச்சு.

பன்னெண்டு நாளாச்சுங்க. பள்ளிக்கூடம் போக மாட்டேங்கறா. புஸ்தகப் பையைத் தொடறதில்லை. சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கா. இன்னும் ரெண்டு மாசத்துல ஆறாவது. திட்டிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், காலக் கூடப் புடிச்சேன். முந்தாநாளு ஒரே ஒரு வார்த்தை பேசினா. "பூங்கோதை டீச்சர் வந்தாப் போறேன்." அவ்வளவுதான். எங்கூட்டுக்காரரு தறிக்கு லீவு போட்டுட்டு அவகூட உக்காந்திருக்காரு. ஊட்டைப் பாருங்கற பேச்ச இப்ப அவரு பேசறதே இல்லைங்க. திட்டினாலாச்சும் தேவலை.

அதான் கெளம்பிட்டேன். பொன்னாடை நல்லதாத்தான் வாங்கினேன், சரிகை போட்டது. கடையில அத்தன பேத்துக்கு முன்னால டீச்சருக்குப் போத்தி, தலைவியா நின்னு, தப்பு நடந்துபோச்சுங்கன்னு சொல்லீர்லாம்னு இருக்கறேன். இப்பவும் நாந்தான தலைவி. திரும்பவும் வேலைக்குப் போடறோம்னு அடுத்த வெள்ளிக்கிழமையே தீர்மானம் போட்டுர்லாம், யாரும் எதுத்துப் பேச மாட்டாங்க.

ஏனுங்க்கா அப்படிப் பாக்கறீங்க.

சரிதானுங்க. அன்னைக்கும் எல்லாத்துக்கும் முன்னாலதான் நிறுத்தினேன். இன்னைக்கும் எல்லாத்துக்கும் முன்னால எதுக்கு. சேலை விரிச்சுட்டிருக்கற பொண்ணு கழுத்துல சரிகைத் துண்டப் போட்டா, அவிங்களுக்கு அது என்ன மரியாதை. எனக்குத்தான் மரியாதை. நீங்க வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலை, நானாத்தான் சொல்றேன். இருக்கட்டும், பையிலயே கெடக்கட்டும்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். கேக்கறதுக்குத்தான் வெள்ளகோயில்ல இருந்து சுத்தி வளைச்சுப் பேசிட்டு வாறேன். அந்தக் கவரு இதுலதான் இருக்குது. அந்தப் பக்கம். இத இதுவரைக்கும் யாருகிட்டயும் காட்டலை. எங்கூட்டுக்காரருகிட்டக் காட்டலாம், கேக்கறதுக்கு மூஞ்சி இல்லை. ஊருக்குள்ள காட்டினா, அப்ப நீ வாசிக்கலையாம்பாங்க. என்ன எழுதியிருக்காங்கன்னு தெரியாம டீச்சரு முன்னால போயி எப்படி நிக்கறது? நீங்க யாரோ, நான் யாரோ. வாசிச்சுச் சொல்றீங்களா? மடிப்புல கிழிஞ்சிருக்குது, பாத்துப் புடிங்க.

"அன்புள்ள அம்மா அவர்களுக்கு." எனக்குங்களா? என்னையவா அன்புள்ளன்னு போட்டிருக்காங்க? சரி, சரி, படிங்க.

"பவதாரணி கெட்டிக்காரி. ஒரு முறை கேட்டால் அப்படியே மனசில் வைத்துக்கொள்கிறாள்." ஆமாங்க, அப்படித்தான், அவளுக்கு நெனப்பு அப்படி.

"அதனால்தான் அவளுக்கு எழுத்துகள் இன்னும் பிடிபடவில்லை என்பது இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை." யாரிடமும் சொல்லவில்லைன்னுங்களா எழுதியிருக்குது? அதானுங்க அன்னைக்கு வாயத் தொறக்கலை. புள்ள வெளிய நின்னுட்டிருந்தா. நான் சொல்லு, சொல்லுன்னு கத்தினேன். படிங்க, எனக்கு ஒண்ணுமில்லை.

"நீங்களும் தயவுசெய்து அவளைத் திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். சாயங்காலம் அரைமணி நேரம் நான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் நீங்கள் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவளுக்குத் தைரியம் வரும்."

பத்து நிமிசம். ஊரெல்லாம் போயிச் சொன்னேங்க, புரியலைன்னாலும் சும்மாவாச்சும் உக்காருங்கன்னு.

இன்னும் இருக்குதுங்களா? "ஒரே மாதத்தில் வாசித்துவிடுவாள், நீங்கள் கவலைப்பட வேண்டாம்." ஒரே மாசம்னா போட்டிருக்குது? நல்லாப் பாருங்க. ஒரே மாசம். ஆவணியில எழுதினது. புரட்டாசியில என்ற புள்ள வாசிச்சிருப்பா.

எல்லாரும் எறங்கறாங்க, எறங்கட்டும். சித்த இருங்க்கா. இன்னொருக்கா வாசிங்க. இப்ப வேகமா வாசிச்சீங்க, மெதுவா வாசிங்க, வரி மேல வெரல வெச்சு வாசிங்க, நான் பாத்துக்கறேன். என்ற பேரு எனக்குத் தெரியும், அத எங்க போட்டிருந்தாலும் கண்டுபுடிச்சுருவேன். இதுல என்ற புள்ள பேரு எதுங்க? அத மட்டும் காட்டுங்க.